ஜிம் ஹாலைத் திறந்தது யார்

எங்கள் வளாகத்திலேயே வயதான கட்டடம் ஜிம் ஹால்தான். வாசலில் பல்கலைக்கழக உடற்பயிற்சிக்கூடம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், இங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மட்டும் இருந்தபோது கட்டியதாம். சிவப்புச் செங்கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் தொடங்கும் ஜன்னல்கள், விட்டத்திலிருந்து தொங்கும் கயிறுகள், தாண்டிக் குதிக்க ஒரு மரக்குதிரை. குதிரைக்குத் தலை கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, தலை இருந்தால் நம்மைத் தாண்ட விடுமா என்றாள் அம்மா.

உடற்பயிற்சிக்கென்று கட்டிய ஹாலில் உடற்பயிற்சி நடந்த நாட்கள்தான் குறைவு. போர்க்காலத்தில் சிப்பாய்கள் படுத்திருந்தார்களாம். பிறகொரு சமயம் அரிசி மூட்டை அடுக்கினார்களாம். எனக்கு நினைவு தெரிந்தபின் பரீட்சையும் பட்டமளிப்பும் அங்கேதான், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியும் அங்கேதான். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் நாளில் தெற்கத்திப் பிள்ளைகள் கையில் ஃபைலோடு கேட் வரைக்கும் வரிசையில் நிற்பார்கள். மிச்ச நேரத்தில் பாட்மிண்டன்.

அம்மா அந்த ஹாலின் அட்டெண்டர். கூட்டுவது, துடைப்பது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, திறப்பது, பூட்டுவது எல்லாம் அவள் வேலை. அப்பா அதே வளாகத்தில் வாட்ச்மேன். ஹாலுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் ஹாலுக்குப் புதுத் தரை போட்டார்கள். முழுக்கத் தேக்குப் பலகை. மந்திரி வந்து திறந்துவைக்கும்வரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஆபீசிலிருந்து உத்தரவு. அம்மா மட்டும் வெறுங்காலோடு போய், குழந்தைக்கு முகம் துடைப்பது மாதிரி துடைத்துவிட்டு வருவாள். திறப்பு விழாவில் பள்ளிப் பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் உண்டு. அதில் வரிசையாக ஐந்து கரணம் அடிக்கப் போகிறவள் நான். உடற்கல்வி டைரக்டர் சாரே என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். எனவே அந்தத் தரை எனக்காகப் போட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அப்புறம்தான் மழை பிடித்தது. நாள் கணக்காகப் பெய்தது. டிவியில் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவை சொல்லாமலே உடைந்தன. கரண்ட் போயிற்று, டிவியும் போயிற்று, போனிலும் சிக்னல் இல்லை.

ஒரு மத்தியானம் பின்பக்கக் கேட்டில் ஒரே கூச்சல். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் நின்றிருந்தார்கள். பள்ளத்தில் இருந்த வாடகை ரூம்களில் தங்கிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த தெற்கத்திப் பெண்கள். சிலர் கம்பெனிச் சட்டையோடு, ஷிப்டிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். இரண்டு பேர் நடுவில் ஒருத்தியைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவளுக்குக் கண்ணே திறக்கவில்லை.

"அக்கா, இவளுக்கு மூணு நாளாக் காய்ச்ச. உடம்பு அனலாக் கொதிக்குதுக்கா. ரூமு முங்கிப் போச்சு. எங்கிட்டாவது ஒரு ஓரமாப் படுக்க வெக்கணும்க்கா," என்றாள் தாங்கியிருந்தவள்.

அப்பா கேட்டைத் திறந்துவிட்டார். ஆனால் எங்கே தங்க வைப்பது? வகுப்பறைச் சாவியெல்லாம் பூட்டிக் கிடந்த ஆபீசுக்குள். எங்கள் வீட்டுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர். மேடாக இருந்தது ஜிம் ஹால் ஒன்றுதான். அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கு அவள் கை போவதை அப்பாவும் பார்த்துவிட்டார்.

"இன்னாமே பண்ற? ஆர்டரு இல்லாம தொறந்தா நம்மள வுடுவாங்களா? பொழப்பு போயிடும்."

"அந்தப் பொண்ணுக்கு உசுரு போயிடும் போல கீது. நீ நவுரு," என்றாள் அம்மா.

கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே நுழையப் போனது. அம்மா குறுக்கே கை நீட்டினாள். "செருப்ப மட்டும் வெளிய வுட்டுட்டு வாங்கம்மா. புதுத் தரை." உடம்பெல்லாம் சேற்றோடு நின்ற அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிப் படியில் வரிசையாக வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் படி வரைக்கும் ஏறிய தண்ணீர் அவ்வளவையும் அடித்துக்கொண்டு போயிற்று.

நான்கு நாட்கள் அங்கேயே இருந்தார்கள். காய்ச்சல்காரியை அம்மா குதிக்கிற மெத்தைகளை அடுக்கிப் படுக்கவைத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எங்கள் ஸ்டவ்வைக் கொண்டுபோய்த் தரையில் வைத்தபோது பலகையில் கறுப்பாக வட்டம் விழுந்தது. கயிறுகளில் ஈரத்துணி காய்ந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாப்பா, ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ள வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். என் கரணம் அவர்கள் காலடியில் ஊறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு படகு வந்து காய்ச்சல்காரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் மற்றவர்களும் போனார்கள். தரை மட்டும் வடியவில்லை. பலகைகள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரங்களில் எழும்பி நின்றன. அம்மா முழங்காலிட்டு ஒரு பலகையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். அது மறுபடி எழும்பியது. அப்பா வெளியே போய், ஒரு கருங்கல்லை எடுத்துவந்து பூட்டை நான்கு தட்டுத் தட்டினார். பூட்டு வாயைப் பிளந்தது. "கூட்டம் தள்ளி ஒடைச்சிட்சின்னு சொல்லிக்கலாம்," என்றார். அம்மா அடுத்த பலகையை அமுக்கிப் பார்க்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து டைரக்டர் சாரும் ஆபீசிலிருந்து ஒருவரும் வந்தார்கள். ஆபீஸ்காரர் கையில் பேப்பர் வைத்திருந்தார். டைரக்டர் சார் தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "கூட்டம் நெருக்கினதுல பூட்டு உடைஞ்சு போச்சு. உங்களால தடுக்க முடியல. அதானேம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றார் அப்பா.

"இல்ல சார்," என்றேன் நான். "அம்மாதான் சாவி போட்டுத் தொறந்தாங்க. பூட்ட அப்பா அப்புறமா கல்லால ஒடைச்சாரு."

உண்மை பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததால் சொன்னேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த ஐந்து கரணம்.

ஆபீஸ்காரரின் பேனா நின்றது. டைரக்டர் சார் சிரிக்க முயன்றார். "சின்னப் புள்ள. மழையில பயந்துபோய் ஏதோ சொல்லுது," என்றார்.

"நான் பயப்படல சார். பக்கத்துலயே நின்னுகினு பாத்தேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். கோபமாக இல்லை, பரீட்சைத்தாளைத் திருத்தித் தரும்போது டீச்சர் பார்ப்பது மாதிரி இருந்தது. "ஆமா சார். நான்தான் தொறந்தேன். அவரு என்ன காப்பாத்தத்தான் பூட்ட ஒடைச்சாரு," என்றாள். பேனா மறுபடி ஓடியது.

சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவைப் பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். அப்பாவை ஒரு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த மாதம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வழக்கம்போலத் தலை பின்னிவிட்டாள். விரல்களில் மட்டும் சோப்பு நெடி அடித்தது.

மறு வருஷம் தரையை மாற்றினார்கள். மந்திரி வந்தார். நான் ஐந்து கரணமும் அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். விழா முடிந்து கூட்டம் கலைந்தபின் அம்மா விடுதியிலிருந்து ஈரப் புடவையோடு வந்தாள். வாசல் சுவரில் புதிதாக ஒரு கல்வெட்டு பதித்திருந்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும் என்பதால் நானே உரக்கப் படித்துக் காட்டினேன். எந்தக் காலத்தில் கட்டியது, எந்தப் போரில் சிப்பாய்கள் தங்கினார்கள் என்றெல்லாம் இருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: பெருவெள்ளத்தின்போது பல்கலைக்கழகம் இக்கூடத்தின் கதவுகளைத் திறந்து, வீடிழந்தோருக்கு அடைக்கலம் அளித்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. "நம்ம யுனிவர்சிட்டி எவ்ளோ நல்லது பண்ணிக்கீதும்மா!" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அப்புறம் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் கை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். கரணம் அடிக்கும்போது என் உடுப்பு ஏதாவது கோணியிருக்குமோ என்று நினைத்து, நான் அவசரமாக அதை இழுத்து விட்டுக்கொண்டேன்.