ஊமைப்படத்துக் காதலனுக்குச் செவ்வந்தி கொடுத்த குரல்

சிங்காநல்லூர்த் தெருக்களில் ஆட்டோ மைக்கில் ஆடித் தள்ளுபடி என்று கூவிப் போகிறதே, அது செவ்வந்தியின் குரல். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு, அந்தக் குரலை வைத்துத்தான் தங்கச்சி பிரீத்திகாவை நர்சிங் கடைசி வருஷம் வரை படிக்க வைத்திருந்தாள். குரலைக் கேட்டுத்தான் ஆர்.எஸ்.புரத்துத் திரைப்படச் சங்கத்தாரும் வந்தார்கள். வெளிநாட்டு ஊமைப்படம் ஒன்று ஓடும்போது பக்கத்தில் நின்று தமிழில் பேச வேண்டும் என்றார்கள்.

படம் போட்ட அன்று அவள் கவனமெல்லாம் தங்கச்சி மேல் இருந்தது. "நீ படிப்ப உட்டுப்போட்டு என்கூட வாரவரைக்கும் சோறு தண்ணி தொடமாட்டேன்" என்று பிரீத்திகாவிடம் அவள் காதலன் வெங்கடபதி போனில் அழுதுகொண்டிருந்தான். அந்த உண்ணாவிரதக்காரன் பிரியாணிக் கடையில் எலும்பு கடித்ததைச் செவ்வந்தி கண்ணால் பார்த்தாள். சொன்னதைத் தங்கச்சி நம்பவில்லை. மறுநாளே அவனோடு கிளம்புவதாக இருந்தாள். தனியே விடப் பயந்து செவ்வந்தி அவளைக் கூடவே கூட்டிவந்திருந்தாள்.

திரையில் காதலன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். "நீ இல்லாவிட்டால் என் உயிர் நிற்காது" என்று எழுத்து வந்தது. செவ்வந்தி உருகி உருகிப் பேசினாள். முன்வரிசையில் பிரீத்திகா கண்ணைத் துடைத்தாள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவனுக்கு நாமே குரல் கொடுக்கிறோமே என்று செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயகி தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் காதலன் சிரித்தான். அங்கே எழுத்தே இல்லை. செவ்வந்தி சும்மா இருக்காமல் அவன் குரலில் பேசினாள்.

"அழுவட்டும். அழுதாத்தான் எல்லாத்தையும் உட்டுப்போட்டு வருவா."

கூட்டம் சிரித்தது. பிரீத்திகா எழுந்து வெளியே போய்விட்டாள்.

படத்தை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. கண் வாசலிலேயே கிடக்க, இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிக் காதல் பேசினாள். அவனிடம்தான் போயிருப்பாள், நம் வாயாலேயே துரத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். விளக்குப் போட்டதும் ஓடினாள். பிரீத்திகா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டயோன்னு பயந்துபோட்டேன், அம்மணி."

"போவுலக்கா. வரமாட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

செவ்வந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெங்களூர்ல எனக்குச் சீட்டுக் கெடச்சப்ப நெஞ்சு வலின்னு படுத்தியேக்கா, அது நெசமா?"

செவ்வந்தி பிடித்திருந்த கையை விட்டாள்.

"படிப்பு முடிஞ்சதும் அங்க வேலைக்குப் போறேன். அப்ப படுத்துக்காத."

செவ்வந்தி சரி என்று தலையாட்டினாள்.