வில்லாபுரம் மண்டபத்தில் ஒரு கண்ட்ரோல் நாற்காலி

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும். வில்லாபுரத்தில் அப்படிப் பிடித்த ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் தண்டவாளப் பராமரிப்பு மேட்டுகளுக்கு வகுப்பு எடுத்தேன். மேட் என்றால் கேங்குக்குத் தலைவர். ஆள்களைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் தண்டவாளத்தைச் சரிபார்த்து, சாயங்காலம் அத்தனை பேரையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர். ரயில் தொழில் எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமாம். சரக்கு எங்கிருந்து வருகிறது, வண்டி தாமதமானால் யார் கத்துவார்கள், வருமானம் எதில், நஷ்டம் எதில். மேலிடத்து உத்தரவு. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய எரிச்சலாகவும் இருந்தது.

தண்டவாளத்தில் கை வைக்க 'பிளாக்' வேண்டும். அதாவது, வேலை முடியும்வரை வண்டிகளை நிறுத்தி, பாதையை மேட்டின் கையில் தர வேண்டும். தருவது கண்ட்ரோல், அதாவது எந்த வண்டி எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆபீஸ். பல நாள் தரமாட்டார்கள். போனை வைப்பதற்கு முன் ஒன்று மட்டும் சொல்வார்கள்: "பாத்துச் செய்யுங்க." அதில் செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. அதை நம்பி இரண்டு வண்டிகளுக்கு நடுவே வேலையை முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மட்டும் கொடியும் விசிலுமாகத் தள்ளி நின்று வண்டி வருகிறதா என்று பார்ப்பார்.

முன்வரிசையில் ஒரு மேட் உட்கார்ந்திருந்தார். சோழவந்தான் பக்கத்துக்காரர். அவருடைய கேங்கில் விசிலோடு நின்றவர் சொந்தத் தங்கையின் புருஷன். கொடிக்கால் ஓரமாக வளையும் பாதை அது. வெற்றிலைக்காக நட்ட அகத்தி உயர்ந்து நின்று மறைப்பதால், வண்டி கிட்டத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் வேலை நடந்த இடத்திலேயே அந்த மாப்பிள்ளை அடிபட்டுச் செத்துப்போனார். தள்ளி நிற்க வேண்டியவர் அங்கே ஏன் வந்தார்? "தானா எறங்கி வந்துட்டான்" என்று மேட் முதலில் சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்த மறுநாள் விசாரணையில் அதை எழுத்தில் தர வேண்டும். அதையே சொன்னால் அவர் பதவி தப்பும். ஆனால் பழி செத்தவர் மேல் விழும். புருஷன் செத்ததற்காகத் தங்கைக்கு வர வேண்டிய ரயில்வே வேலை இழுபடும்.

டீ வேளையில் மற்ற மேட்டுகள் அவரைச் சூழ்ந்துகொண்டு புத்தி சொன்னார்கள்.

"சொன்னதையே சொல்லுண்ணே. செத்தவனுக்கு இனி என்ன தண்டன குடுக்கப் போறாய்ங்க?"

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். ஒருவர் சரக்கு முதலாளி, ஒருவர் பயணி, ஒருவர் பிளாக் கேட்கும் மேட். கை கழுவும் தொட்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதைக் கண்ட்ரோல் என்றேன். பக்கத்தில் இருந்தார் என்பதற்காகத்தான் சோழவந்தான் மேட்டை அதில் உட்காரச் சொன்னேன். வேறு நினைப்பு எதுவும் இல்லை. முதலில் தயங்கினார். பிறகு சரக்கு முதலாளி ஒரு பக்கம் கத்த, பயணி மறுபக்கம் திட்ட, அவர் முகத்தில் ஒரு அதிகாரம் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, பிளாக் வேணும்ணே" என்றார் எதிரில் நின்ற மேட்.

"இப்ப தர முடியாது. பின்னாடியே ரெண்டு வண்டி நிக்கிது. பாத்துச் செய்யுங்க."

அச்சு அசலாக அதே குரல். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எதிரில் நின்றவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. எல்லாரும் அன்றாடம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்:

"ஆள் பத்தலண்ணே. விசில்காரனையும் எறக்கித்தான் முடிக்கணும்."

"அவனக் கூப்பிடாத!"

நாற்காலி பின்னால் விழுந்தது. சிரிப்பு நின்றுபோனது.

"கூப்பிடாதடா! கூப்பிட்டா வந்துருவான்டா!"

எதிரில் நின்றவர் விளையாட்டு என்று நினைத்து, பாதிச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கர்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். வகுப்பை அத்தோடு முடித்துவிட்டேன்.

மறுநாள் விசாரணையில் அவர் உண்மையைச் சொன்னார். ஆள் பற்றாமல் தானே மாப்பிள்ளையைக் கூப்பிட்டதாகச் சொன்னார். பிளாக் கேட்டதையும் கிடைக்காததையும் சொன்னார். தானே கூப்பிட்டதாகச் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். பிளாக் இல்லாமல் வேலை செய் என்று யாரும் உத்தரவிடவில்லையே என்று மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். மேட் பதவி போயிற்று. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து, திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் வாசலில் அவரைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. அவரே வந்து பேசினார்.

"தங்கச்சிக்கு வேல கெடச்சிருச்சு சார்."

"நல்லதுண்ணே. எல்லாம் நீங்க உண்மையச் சொன்னதாலதான்."

"ஆமா சார். நான் சொன்னத ஆபீஸ்ல அதுகிட்டயும் வாசிச்சுக் காட்டியிருக்காங்க. அண்ணன் கூப்பிட்டுத்தான் போனாருன்னு அதுக்கு அதுவரைக்கும் தெரியாது. எங்க வீட்டுலதான் பிள்ளைகளோட இருந்துச்சு. அன்னைக்கே சாமானத் தூக்கிட்டுப் போயிருச்சு. எதிர்ல வந்தாலும் மொகத்தத் திருப்பிக்கிருது."

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பொய்யவே சொல்லியிருந்தா, தங்கச்சி இன்னும் எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்ல சார்?"

பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அது அவருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்ததே, அதை நினையுங்கள் என்று ஏதோ உளறினேன். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்துபோனார்.