தெற்கே விழுந்த நிழல்

எனக்கு மொட்டை மாடிகளைப் பிடிக்கும், ஆளில்லாத மொட்டை மாடிகள் என்றால். சோலார் பேனலுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே உட்கார்ந்தபடியே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கட்டடங்களின் தலையைத் திரையில் பார்த்திருக்கிறேன். கொடிக்கயிறு, உடைந்த நாற்காலி, காலிப் பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு ஒரு மாடியை நாலு கோட்டில் வரைந்து முடித்தால் அப்படியொரு நிம்மதி. என் வீட்டு மேசையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வேலை பெரிய வித்தை இல்லை. மாடியின் எல்லையை வரைய வேண்டும். கைப்பிடிச் சுவரை எழுப்ப வேண்டும். படிக்கட்டு அறையையும் அதன்மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பெட்டிபோல நிறுத்த வேண்டும். பிறகு பேனல் எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை டிகிரி சாய்வு, வரிசைக்கும் வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கடைசியில்தான் எனக்குப் பிடித்த கட்டம். சாஃப்ட்வேருக்குள் ஒரு சூரியன் இருக்கிறது. தேதியைக் கொடுத்து மணியை இழுத்தால் நிழல்கள் மாடிமேல் ஓடும். டிசம்பர் இருபத்தொன்றைப் போட்டுப் பார், சூரியன் தாழ்ந்து நிழல் நீளமாக விழும் நாள் அது, அன்றைக்கு நிழல் படாத இடம் வருஷம் முழுக்கத் தப்பித்துவிடும் என்று இணையத்தில் பாடம் எடுத்த வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்தார். நானும் அதை வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

அளவுகள் எனக்குப் பென்னலூர்க்காரர் ஒருவரிடமிருந்து வரும். எங்கள் சைட் ஆள். என் வயதுதான். டேப்போடு மாடி ஏறி அளந்து, அங்கிருந்தே போனில் படிப்பார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். சுவர் இத்தனை அடி, தொட்டி இத்தனை அடி, ஓரத்தில் யாரோ கறிவேப்பிலை காயப்போட்டிருக்கிறார்கள் என்பார். கறிவேப்பிலைக்கு என் சாஃப்ட்வேரில் இடமில்லை என்று கத்துவேன். சரி மேடம் என்பார். அடுத்த மாடியில் செருப்பைப் பற்றிச் சொல்வார்.

ஒரகடம் பக்கம் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்துகொடுக்கும் ஒரு சின்ன ஆலை. ஷெட்டின் கூரை பழசு, பேனலைத் தாங்காது. அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடி மட்டும்தான் எங்களுக்கு. முதலாளி எண்பது பேனல் கேட்டார். ஒன்று குறைந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படிச் சிரித்துச் சொல்பவர்கள் செய்துவிடுவார்கள். நானும் மல்லுக்கட்டி எண்பதையும் அடக்கினேன். படிக்கட்டு அறைக்கு வடக்கே டிசம்பர் நிழல் அகலமாக விழுந்தது, அதைக் காலியாக விட்டேன். தெற்கே சுத்தமாக இருந்தது. அந்த அறைச் சுவரை ஒட்டி எட்டுப் பேனலை ஒரு வரிசையாக வைத்துக் கணக்கை முடித்தேன்.

வரைபடம் போன அன்றே பென்னலூர்க்காரர் கூப்பிட்டார்.

"மேடம், அந்தத் தெக்கால சொவத்தாண்ட மட்டும் வுட்டுருங்க. லேடீஸ் அங்கதான் குந்திகினு துன்றாங்க."

வடக்கே நிழலாக அவ்வளவு இடம் விட்டிருக்கிறேனே, அங்கே உட்காரட்டும் என்றேன். என் தாராள மனசை நானே மெச்சிக்கொண்டேன்.

"இப்போ அங்க வெயிலு கீது மேடம்."

நிழல் என்று சாஃப்ட்வேர் சொல்கிறது என்றேன். சரி மேடம் என்று போனை வைத்துவிட்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் நான். இது எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரியும்.

ஆனி மாதம், இடம் குறிக்கிற நாளில் நானும் போனேன். நூலில் நீலப்பொடி தடவி, சுவரை ஒட்டி எட்டுப் பேனலுக்கும் கோடு அடித்து முடித்தோம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. எட்டு ஒன்பது பெண்கள் டிபன் டப்பாவோடு ஏறி வந்தார்கள். நேராக வந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, வரிசையாக என் நீலக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்தப் பக்கம் போய் உட்காரக் கூடாதா என்று கேட்டேன். டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மட்டும் நகர்ந்து என் கோட்டின் ஒரு முனையை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

வரிசையின் கடைசியில் இருந்தவள் டப்பாவைத் திறக்கவில்லை. போனைத்தான் முதலில் எடுத்தாள். திரையில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த குழந்தை, வெயிலில் நிற்பவர்களைப் போல நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசியது. எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஏன் அப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"நான் வெயில்ல நின்னு பேசும்போது இப்படித்தான் கைய வச்சிருப்பேன். போன் பேசணும்னா இப்படித்தான் வைக்கணும்னு நெனச்சிட்டா, அக்கா."

அவளுக்குக் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊர். குழந்தை அங்கே தங்கை வீட்டில் வளர்கிறது. ஆலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை, காலையில் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு அரை மணி நேரத்துக்குத்தான் கையில் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து, ஓ.டி.யும் பார்த்து, கம்பெனி பஸ்ஸில் இருங்காட்டுக்கோட்டை அறைக்குப் போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு அவளுக்கு வாய்த்த குழந்தை இந்த அரை மணி நேரம்தான். வெயிலில் போன் திரை கறுத்துப்போய் ஒன்றும் தெரியாது. முகம் தெரிய நிழல் வேண்டும்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். சுவரின் தெற்கே, ஒரு பாய் அகலத்துக்கு, என் எட்டுப் பேனலின் தலைமாட்டில் நிழல் விழுந்திருந்தது. கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் போய்ப் பார்த்தேன். நான் தாராளமாக விட்டுக்கொடுத்த வடக்கு மூலையில் கால் வைக்க முடியாத வெயில். பென்னலூர்க்காரர் என்னைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

எப்போதும் இந்தப் பக்கம்தான் உட்காருவீர்களா என்று அவளைக் கேட்டேன்.

"மார்கழியில அந்தப் பக்கம் வட்டமா உக்காருவோம். இப்ப இந்தப் பக்கம் வரிசையா. சித்திரை நடுவுல ரெண்டு பக்கமும் நெழலு இருக்காதுல்லா, படிக்கட்டுலதான் உக்காருவோம். அங்க டவர் கெடைக்காது. அப்ப நான் மட்டும் வெயில்ல வந்து நிப்பேன்."

அலுவலகத்துக்கு வந்ததும் டிசம்பரை எடுத்துவிட்டு ஜூனைப் போட்டேன். வடக்கே படுத்திருந்த நிழல் சுருங்கி, புரண்டு, தெற்கே வந்து என் எட்டுப் பேனலின் மேல் ஏறியது. காலையில் மேற்கோரத்துப் பேனல்களை மறைத்தது, மாலையில் கிழக்கோரத்தை. பாடம் எடுத்தவருடைய நாட்டில் சூரியன் என்றைக்கும் தெற்கேதான் நிற்கும். நம் ஊரில் அது சித்திரையில் தலைக்கு மேலே வந்து, வடக்கே போய், ஆவணி பிறக்கிற சமயத்தில்தான் திரும்புகிறது. சாஃப்ட்வேருக்கு அது தெரிந்தே இருந்தது. நான்தான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த வெயிலைத் திட்டிக்கொண்டே இதே ஊரில் நடந்தவள், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கத்தோடு நின்றால் போதாதே. அந்த வரிசையை எடுத்தால் எழுபத்திரண்டு. முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார், வருகிறவன் சுவரை ஒட்டியே பேனலை வைத்துவிட்டுப் போவான். அவளுக்கு வருஷம் முழுக்கச் சித்திரை வெயில்தான். இரண்டு நாள் அந்த மாடியைத் திரையில் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள், உயரம் என்ற கட்டத்தில் கண் நின்றது. எப்போதும் ஓரடியிலேயே கிடக்கிற எண், நான் தொட்டதே கிடையாது. அதில் எட்டடி என்று அடித்தேன். தெற்குப் பக்க வரிசைகள் தூண்மேல் ஏறி நின்றன. பேனல் மேலே போனதும், அதற்கு மேல் துருத்திக்கொண்டு நின்ற சுவர் குட்டையாகிவிட்டது. ஆகவே அதன் நிழலும் குறுகியது. வரிசையைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளினேன். ஜூனிலும் பேனல் பெரும்பாலும் தப்பியது, டிசம்பரிலும் தப்பியது. கீழே எட்டடி உயரத்தில் ஒரு பந்தல் கிடைத்தது.

முதலாளியிடம் போகும்போது பென்னலூர்க்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். இரும்பு கூடுதலாகும், புயலுக்குத் தாங்கத் தூண்களைக் கெட்டியாகப் போட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். நிழல் குறைகிறது, மின்சாரம் கூடுகிறது, எண்பதும் அப்படியே இருக்கிறது என்று இரண்டு மாதத்து நிழலையும் ஓட்டிக் காட்டினேன். எல்லாம் உண்மை. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, கீழே காலியாகத்தானே இருக்கிறது, அட்டைப்பெட்டி அடுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். மேலே ஒயர் ஓடுகிறது, கீழே தீப்பிடிக்கிற பொருள் எதுவும் கூடாது என்றேன். அதுவும் உண்மைதான்.

"ஆளுங்க உக்காரலாமா?" என்றார்.

"உக்காரலாம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். பென்னலூர்க்காரரைப் பார்த்தார். பென்னலூர்க்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி டீ வரவழைத்தார்.

அடுத்த சித்திரை நடுவில், பேனல்களைப் பரிசோதிக்கிற சாக்கில் போனேன். சாக்கு என்றுதான் சொல்ல வேண்டும், அந்த மாதம் பரிசோதனை கிடையாது. உச்சி வெயில். படிக்கட்டு அறைக்கு எந்தப் பக்கமும் நிழல் இல்லை. எங்கள் பேனலுக்குக் கீழே மட்டும் இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் மற்றவர் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தக்காளிச் சாதம் கிடைத்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் அப்படிச் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

அவள் போனைத் தூணில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் குழந்தை வழக்கம்போல நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. திரைக்கு இன்னும் கிட்டே வந்தது.

"யம்மா, ஒன் கைய எங்க?"

அவள் சாதம் ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை அதைப் பார்த்தது, பிறகு அம்மா முகத்தைப் பார்த்தது. மெதுவாகத் தன் கையையும் கீழே இறக்கியது.