சேர்வரின் மேல் ஒரு நந்தியாவட்டைப் பூ

விஜயதசமி காலை ஒன்பதரைக்குக் கொழும்புப் பரீட்சைப் பகுதியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. இறுதியாண்டு டேட்டாபேஸ் புரொஜெக்ற் கோப்புகளை வெள்ளிக்கிழமை அல்ல, இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஏற்ற வேண்டுமாம். பிந்தினால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் அடுத்த வருடம் அதே வாங்குகளில் வந்து குந்த வேண்டும்.

நான் இந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் டேட்டாபேஸ், நெற்வேர்க், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் மூன்றையும் படிப்பிக்கிறவன். வாசித்து முடித்து லாப் மூலையைப் பார்த்தேன். சேர்வர் நின்ற இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

சேர்வர் இப்போது கல்லூரி மண்டபத்தில், சரஸ்வதிக்கு முன்னால்.

முந்தின நாள் பூசைக்கு மற்ற வகுப்புகள் புத்தகத்தையும் சுத்தியலையும் தையல் மெஷினையும் வைத்தபோது எங்கள் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்: "சேர், எங்களுக்குப் படிப்பிச்சது உதுதானே. உதையே வைப்பம்." "அப்ப நான் என்ன செய்தனான்?" என்று கேட்காமல், நெகிழ்ந்துபோய், ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். லைற் மினுங்க வேண்டும் என்று எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, ஓடவிட்டே வைத்தார்கள். பூசையில் வைத்ததை விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருவரும் தொடுவதில்லை. ஐயர் வருவது பன்னிரண்டரைக்கு.

அதற்குள்தான் அத்தனை கோப்பும். வேறு பிரதி கிடையாது. வைரஸ் வரும் என்று பென்டிரைவைத் தடைசெய்தவன் நான். பிரதி எடுத்து வைக்கிற 'பாக்கப்' பாடத்தை நவராத்திரி கழியட்டும் என்று தள்ளிப் போட்டவனும் நானே.

அதிபர் அறை

"மேடம், அரை மணித்தியாலம் காணும். எடுத்துக்கொண்டு போய் வேலையை முடிச்சு, அப்பிடியே கொண்டுவந்து வைச்சிடுவன்."

எங்கள் அதிபர் அளவெட்டிக்காரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, சுவாமிக்கு முன்னாலை வைச்சதை இடையிலை தூக்கிக்கொண்டு ஓடுறதோ? தாய்தகப்பன்மார் எல்லாரும் பன்னிரண்டரைக்கு வருகினம். அவைக்கு நான் என்ன சொல்லுறது? கொழும்புக்கு எடுத்துக் கதைச்சுப் பாத்தனீங்களோ?"

"எடுக்கினமில்லை மேடம். பிள்ளையளின்ரை ஒரு வருசம்..."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஒரு வருச வேலையை ஒரு பெட்டிக்குள்ளை வைச்சது ஆர்?"

நான் நல்ல பிள்ளையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மற்ற லைற்

லாப்பில் விசயம் எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. மணி பத்தரை. நீர்வேலிப் பிரணவன்தான் சேர்வரின் இரண்டு பக்கமும் வாழைக்குட்டி கட்டினவன். தன் தோட்டத்து வாழை தன்னையே மறித்துவிட்டது என்ற முகத்தோடு இருந்தான். குருநகர் ஜெசிந்தா கை உயர்த்தினாள்.

"சேர், நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள். நான் தொட்டால் கணக்கில்லைத்தானே? ஓடிப்போய்த் தூக்கியாறன்."

"இரு பிள்ளை. மண்டப வாசல்லை கந்தையா அண்ணை காவல். விளக்குமாத்தோடை கலைப்பார்."

அவள் இருந்தாள். இருந்து, மெல்ல, "ஆனால் சேர், அதிலை பச்சை லைற் மினுங்குது" என்றாள்.

"கரண்ட் இருந்தால் மினுங்கும்."

"உது கரண்ட் லைற் இல்லை சேர். மற்ற லைற். நெற்வேர்க் லைற்."

"கேபிள் இல்லாமல் அது எப்பிடி மினுங்கும்?"

"கேபிள் இருக்கு சேர். ஒரு லைற் மட்டும் மினுங்க வடிவில்லை. அதுதான் எங்கடை நெற்வேர்க் சுவிச்சிலை இருந்து யன்னலாலை இழுத்துக்கொண்டுபோய்க் குத்தினனான். மாலைக்குள்ளை மறைச்சிருக்கு."

"கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் சோடிச்ச கை, சும்மா இராது" என்றான் பிரணவன்.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். நீலக் கேபிள் ஒன்று, நீளமாக, கூச்சமாக, விறாந்தை வளை வழியே கடதாசிப் பூக்களுக்குள் ஒளித்து மண்டபம்வரை போய்க்கொண்டிருந்தது. அன்று காலை மூன்று தடவை அதற்குக் கீழால் நடந்திருக்கிறேன்.

தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைவது எப்படி என்று வருடாவருடம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளும் வருடாவருடம் அதை வடிவாகக் கொப்பியில் எழுதிவிட்டு, எழும்பி மூன்று எட்டு நடந்து, சேர்வரின் கீபோர்ட்டிலேயே தட்டுவார்கள். நானும் அப்படித்தான். கிட்ட நிற்கிற பொருளிடம் தூரத்திலிருந்து கதைக்க ஆருக்குப் பொறுமை?

ஜெசிந்தா தன் கணினியில் இருந்து ஐ.பி. இலக்கத்தை அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தாள். கறுத்த திரையில் சேர்வரின் பெயர் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இருபத்தொரு மூச்சு.

"உள்ளுக்கை போயிட்டம் சேர்!"

ஒவ்வொரு டேட்டாபேஸாக இறக்கினோம். ஒன்றாகக் கட்டி, கொழும்புக்கு ஏற்றத் தொடங்கினோம்.

பூ

பதினொன்று இருபதுக்கு லாப் வாசலில் அதிபர். பின்னால் கந்தையா அண்ணை.

"காலமை முழுக்க அடக்கமா மினுங்கினது, மேடம். இப்ப பேய் பிடிச்ச மாதிரி அடிக்குது" என்றார் கந்தையா அண்ணை.

"ஆரும் தொட்டதோ?" என்று அதிபர் என்னைக் கேட்டார்.

"இல்லை மேடம்."

"அப்ப ஏன் உப்பிடி மினுங்குது?"

வோல்ற்றேஜில் பழி போட்டிருக்கலாம். பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பிள்ளையள் இங்கையிருந்து அதுக்குள்ளை வேலை செய்யினம், மேடம்."

"உள்ளுக்கை போறது தொடுறதில்லையோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் அறுபத்தொரு வீதம் ஏறியிருந்தது. நிற்பாட்டச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற நேரம் காணாது.

ஜெசிந்தா எழும்பினாள். "மேடம், சோடிக்கேக்கை மேல் பட்டனிலை ஒரு நந்தியாவட்டைப் பூ வைச்சனான். சும்மா பட்டாலே விழுந்திடும். போய்ப் பாருங்கோ. விழுந்திருந்தால் தொட்டதெண்டு எடுங்கோ, நிப்பாட்டுறம்."

அதிபர் மண்டபத்துக்கு நடந்தார். அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொன்றில் கொஞ்சம் யோசித்தது. எழுபத்தைந்தில் திரும்பி வந்தார்.

"பூ இருக்கு" என்றார். "சந்தனப் பொட்டும் அழியேல்லை. அப்ப தொடேல்லை. கெதியா முடியுங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஐயர் வரமுதல் நீங்கள் முகத்தைக் கழுவுங்கோ. வேர்த்து ஒழுகுது."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கொழும்பு பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பியது. பன்னிரண்டரைப் பூசையில் பச்சை லைற் பழைய அடக்கத்துக்குத் திரும்பியிருந்தது. நான் அதைத்தான் கும்பிட்டேன். ஆரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது 'பாக்கப்' பாடம் முதல் கிழமையிலேயே. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் செய்முறைச் சோதனை நாளில் சேர்வரின் மேல் ஒரு நந்தியாவட்டைப் பூவை வைத்துவிட்டுத்தான் வினாத்தாள் கொடுக்கிறேன். பூ விழாமல் வேலையை முடிப்பவருக்கு முழுப் புள்ளி.

இதுவரை இரண்டு தடவைதான் விழுந்திருக்கிறது. ஒரு தடவை மின்விசிறி. மற்றத் தடவை நான்.