நான்காவது மூலை

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. மாத்தளை நகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத் தார் வீதியில், பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படாத புதிய சக்கர நாற்காலி ஒன்று நின்றது. அதில் ஒரு பெண்மணி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர் அதன் கைப்பிடியைப் பற்றியிருந்தார். பின்னால் பதாகை. நேரம் எனக்கு இவ்வளவு திட்டமாக நினைவிருப்பதற்குக் காரணம், 'முற்பகல் பதினொரு மணியளவில்' என்று அறிக்கையின் முதல் வரியை நான் முந்தைய நாளே எழுதி முடித்திருந்ததுதான். பத்து நிமிடப் பிழையை மனத்துக்குள் திருத்திக்கொண்டு நின்றேன்.

நிகழ்ச்சிக்கு முன்னரே அறிக்கை எழுதுவது எங்கள் சங்கத்தின் வழக்கம். செய்தி பிற்பகலுக்குள் பத்திரிகை அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பவள் என்பதால் அந்தப் பணி இரண்டு ஆண்டுகளாக என்னுடையது. 'பயனாளி கண்கள் பனிக்க நன்றி நவின்றார்' என்ற வாக்கியத்தை, பயனாளியின் முகத்தைக்கூடப் பார்க்காத நிலையில், எனது அறையின் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து எழுதினேன். 'நவின்றார்' என்ற சொல்லில் எனக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது. அந்தப் பெருமிதத்தை நினைக்கும்போது இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தலைவரைப் பற்றி நான் இங்கே எழுதப்போகும் எதற்கும் முன்னர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தலைவர் நகரத்தில் பெரிய கடை வைத்திருந்தவர். 'செயலூக்கமுள்ள பிரஜை' என்ற தொடரை ஒவ்வொரு கூட்டத்திலும் ஏலக்காயைப் போல வாயில் அடக்கிக்கொண்டு பேசுவார். பிறரைப் பேணக் கற்பதே குடிமையின் முதற் பாடம் என்பார். அந்தப் பாடத்தை அவர் எங்களுக்குக் கற்பித்த விதம் மிகவும் நுட்பமானது. பதாகையில் யாருடைய பெயர் யாருக்கு மேலே வர வேண்டும், அன்பளிப்பை எந்தக் கோணத்தில் நீட்டினால் இரு முகங்களும் படத்தில் விழும், ஏழ்மை எந்த அளவுக்குப் பின்னணியில் தெரியலாம், இவை அனைத்தையும் அவர் அளந்து வைத்திருந்தார். வீதியிலிருந்து அந்தப் பெண்மணி குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு எத்தனை படிகள் என்பதை மட்டும் அவர் அளக்கவில்லை. பாதி தூரம் கருங்கல் படிகள். மீதி, மழை அரித்த செம்மண் ஒற்றையடிப் பாதை. சக்கரம் வைத்த எதுவும் அங்கே ஏறியதில்லை.

படத்துக்காக அவரைக் கீழே கொண்டுவந்தவர்கள் எங்கள் சங்கத்து ஆண்கள் நால்வர். ஒரு கம்பளியில் கிடத்தி, மூலைக்கு ஒருவராகப் பிடித்து இறக்கினார்கள். நீரிழிவுப் புண் அவருடைய வலது பாதத்தை அரித்திருந்தது. துணிக்கட்டின் ஓரம் மஞ்சளாகக் கசிந்தது. தலைவர் ஒரு துவாயை எடுத்து அந்தப் பாதத்தின் மீது போர்த்தினார். பரிவு என்று நினைத்தேன். பிறகுதான் அவர் கமராக்காரரைப் பார்த்து, "இப்ப சரியா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் சிரிங்க பெரியம்மா, இங்க பாருங்க" என்றார் கமராக்காரர்.

பெரியம்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் சக்கரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து படிகளைப் பார்த்தார்.

"சாமான் நல்லாத்தாங்க இருக்கு ஐயா. மேல போறப்ப என்னையத் தூக்குவீங்களா, இதத் தூக்குவீங்களா?"

கூடியிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் கமரா எடுத்துக்கொண்டது. பிறகு அவர் என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், "அத எழுத வேணாம் மகள்" என்றார்.

சங்கத்தார் பலாபத்வலையில் மதிய உணவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பெறுகைப் படிவத்தில் பெரியம்மாவின் கைவிரல் அடையாளத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருமாறு என்னிடம் சொல்லிவிட்டு வேன் புறப்பட்டது. அவரை மேலே கொண்டுபோய் விடுவது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை. நிரலைத் தட்டச்சு செய்தவள் நான் என்பதால் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

பெரியம்மாவின் மருமகள் கம்பளியை விரித்தாள். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்கள் இருவர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். ஒரு மூலை தரையில் கிடந்தது.

"மிஸ், அந்த மூலையக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

நான் அந்நியர்களைத் தொடுபவளல்லள். கூட்டத்தில் யாருடைய தோளும் படாமல் நடப்பதற்குப் பழகியவள். இருந்தும் பிடித்தேன். இரண்டு முறை நின்றோம்; ஒருமுறை நான் வழுக்கினேன். "மிஸ்ஸுக்குப் பேனாதான் பாரம்போல" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். நழுவிய மூலையை மறுபடி இறுக்கிப் பிடித்தேன்.

மேலே போய் இறக்கிய பிறகு மருமகள் சொன்னது இதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தளை ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். அவளுடைய புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் மூன்று கிழமைகளாகின்றன. அன்றிலிருந்து கிளினிக் போகவில்லை. மற்ற ஆண்களும் வெளியூரில்தான். பொம்பிளைகள் மூவரும் தயார். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு முன்னர் இறக்கிவிடலாம், மாலையில் வேலை விட்டு வந்து ஏற்றலாம்.

"நாலு மூலைக்கு மூணு பேர்தான் இருக்கோம் மிஸ். கால எடுக்க வேண்டி வரும்னு டொக்டர் அப்பவே சொல்லிட்டாரு. நாங்க நாற்காலியா கேட்டோம்? ஒரு ஆளுதான கேட்டோம்."

கேட்டிருந்தார்கள். அவர்களுடைய கடிதம் எங்கள் கோப்பில் இருந்தது. நானே வாசித்திருக்கிறேன். 'தூக்குவதற்கு உதவி' என்று அதில் எழுதியிருந்ததைத் தலைவர் சக்கர நாற்காலி என்று விளங்கிக்கொண்டார். ஆளை அனுப்பினால் அந்த ஆள் மறுநாளும் போக வேண்டும். நாற்காலியை ஒருமுறை கொடுத்தால் போதும். கோப்பை மூடியவள் நான்.

நாற்காலியை, பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட அது உதவும் என்று பெரியம்மா சொன்னார். அவர் குரலில் கசப்பு இருக்கவில்லை, கசந்தது எனக்குத்தான். படிவத்தில் விரலடையாளம் வாங்காமல் இறங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அறிக்கையை மீண்டும் வாசித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பிரஜைகளைப் பற்றி இவ்வளவு சுத்தமான தமிழில் இவ்வளவு பெரிய பொய்யை எழுத எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை. அந்தத் திறமை முழுவதும் என்னுடையது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸில் ஏறினேன். லயத்து வாசலில் மருமகள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு, "வந்துட்டீங்களா தங்கச்சி?" என்று கம்பளியின் ஒரு மூலையை என் கையில் தந்தாள். ஆறேகாலுக்குள் இறக்கினோம். மூவரும் பெரட்டுக்கு ஓடினார்கள். நானும் பெரியம்மாவும் திரீவீல் ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் தாதி சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லையும் அழகுபடுத்தவில்லை. கட்டைப் பிரித்தபோது எழுந்த வாடையில் முகத்தைத் திருப்பினேன். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் அழுகல் விரல்களோடு நின்றிருக்காது என்ற தாதி, புண்ணைச் சுரண்டும்போது கால் அசையாமல் பிடிக்கச் சொன்னார். கணுக்காலை இரு கைகளாலும் பிடித்தேன். அது எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது. என் பைக்குள் தொலைபேசி அடித்தது. அறிக்கை ஏன் வந்து சேரவில்லை என்று தலைவர் கேட்பாராக இருக்கும். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எனக்குக் கை ஒழியவில்லை.