ஒருநாளைக்கு ஒன்றும் செய்யாது

போன கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறியது. அன்றைக்கு நான் மீன் அவித்தேன்.

தெரிந்துதான் அவித்தேன். மறந்துபோய் இல்லை. கோப்பாயில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஒழுங்கை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து மாவிலை கட்டியிருந்த நாளில் — பின்வளவில் மூன்று கல் வைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டி, பாரை மீன் அவித்தேன். இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிற கோயில் சபைக்காரர் ஓரிருவர் இருக்கிறார்கள். ஐயாமாரே, ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் முழுவதையும் வாசித்துவிடுங்கள். பிறகும் கோபம் இருந்தால் எழுதுங்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட உங்களுக்கு வராது.

மீன் எனக்கில்லை. கறுவலுக்கு.

கறுவல் எங்கள் வீட்டுப் பூனை. பெயரே நிறத்தைச் சொல்லும். ஒரு மாரிகாலம் மதிலால் குதித்து வந்து விறாந்தைக் கதிரையில் ஏறிப் படுத்தவன், இன்றுவரை அதை எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. அழகன். குணமும் நல்ல குணம். ஒரேயொரு வருத்தம் — சத்தி.

சாப்பிடுவான். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். பிறகு முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, ஒரு மாதிரிக் கேவுவான்... அவ்வளவுதான், எல்லாம் வெளியே. சாமியறை வாசல், என் கணவரின் செருப்பு, நான் எழுதி வைத்த தாள் — ஓரிடம் மிச்சமில்லை. இடையிடையே வயிற்றோட்டமும் உண்டு. யார் துடைப்பது? இதெல்லாம் ஒரு கேள்வியா?

துடைப்பதுகூடப் பரவாயில்லை. என்னைக் கொதிக்க வைத்தது சனம் சொன்ன கதைதான். "பூனை எண்டால் சத்தி எடுக்கும்தானே." "மயிரை நக்கி விழுங்கியிருக்கும்." "புல்லுத் தின்ன விடுங்கோ, சரிவரும்." ஒருவர் ஓமத் தண்ணீர் பருக்கச் சொன்னார். இன்னொருவர் திருநீறு போடச் சொன்னார். போட்டோம், அதையும் நக்கிச் சத்தி எடுத்தான். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "பூனைதானே."

பூனைதானே என்றால்? அதன் வயிறு நோகாதா? வாயால் சொல்லத் தெரியாத ஒன்றுக்கு வருகிற நோ, நோ இல்லையா? "பூனைதானே" என்று சொன்னவர்களைப் பிடித்து, இரண்டு வருடம் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்க வைக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும், "மனிசர்தானே?" என்று.

சரி, கதைக்கு வாறேன்.

என் கணவர் — இந்தப் பத்தியில் "இவர்" என்று வருகிறவர், பழைய வாசகர்களுக்குத் தெரியும் — ஒரு கண்டுபிடிப்புச் செய்தார். கறுவல் மற்ற நாட்களில் எடுக்கிறானோ இல்லையோ, சனிக்கிழமை தப்பாமல் எடுப்பான். சனிக்கிழமை காலையில்தான் மயிலிட்டியில் இருந்து மீன்கார அண்ணை மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்கு வருவார். இவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை சனம் மீன் வாங்காது. அந்த விலைப்படாத மீனைச் சனிக்கிழமை எங்கடை தலையிலை கட்டுறார்."

என்னிடம் சொன்னதோடு விட்டாரா? கேற்றடியில் வைத்து அந்த மனிசனின் முகத்துக்கு நேரேயே சொன்னார். மீன்கார அண்ணை மோட்டார் சைக்கிளைத் திருப்பினார், போனார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. நாங்கள் சந்தையில் மீன் வாங்கத் தொடங்கினோம்.

கறுவல்? சனிக்கிழமை தப்பாமல் எடுத்தான்.

போன மாதம் அவனைத் தூக்கியபோது கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அட்டைப் பெட்டி ஒன்றில் துணி விரித்து, அவனை வைத்து, ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் இளம்பெண். வயிற்றை அமத்திப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்ரி, இவர் என்ன சாப்பிடுறவர்?"

"மீனும் சோறும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. எங்கடை வீட்டிலை வெள்ளியிலை மச்சம் காய்ச்சிறேல்லை."

"அப்ப வெள்ளிக்கிழமை என்ன குடுக்கிறனீங்கள்?"

"பால்சோறு."

பேனையை மேசையில் வைத்துவிட்டார். "பூனையும் விரதமோ, அன்ரி?"

அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. வேறு ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் பொதுப்பெயர் மச்சம். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை மச்சம் இல்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. நல்ல பழக்கம்தான், நானும் பிடிக்கிறேன். ஆனால் மதிலால் குதித்து வந்த மிருகத்தை இந்தக் கணக்கில் யார் சேர்த்தது?

சேர்த்தவர் மச்சாள். இவரின் தமக்கை. எங்களோடுதான் இருக்கிறார். விரதம் என்றால் தண்ணீரும் பல்லில் படாத மனிசி. கறுவல் என்றால் உயிர். "என்ரை ராசா" என்றுதான் கூப்பிடுவார். ராசா வீட்டில் இருந்துகொண்டு மச்சம் தின்னலாமா? அவனுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும் என்று வெள்ளிதோறும் பால்சோறு குழைத்து வைத்தவர் அவர்தான்.

வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். பால் இவனுக்குச் செமிக்காது. வயிறும் குடலும் உள்ளே புண்பட்டுப்போய் இருக்கின்றன. நாட்பட்ட வருத்தம், இலேசில் மாறாது.

"உப்புப் போடாமல் அவிச்ச ஒரே வகை மீன், இந்தக் குளிசை. வேறை ஒண்டும் வாயிலை படக்கூடாது. நான் சொல்லுமட்டும் ஒருநாளும் மாத்தவேண்டாம். இன்னும் மெலிஞ்சால் ஆள் தாங்கமாட்டார், அன்ரி."

வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். மச்சாள் கறுவலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார். "ஓம்," என்றார். நானும் நம்பினேன்.

சத்தி குறைந்தது. வயிற்றோட்டம் நின்றது. மதிலில் ஏறி அணிலைப் பார்த்து வாயை அசைக்கிற அளவுக்குத் தேறினான். அப்போது வந்தது பாருங்கள் ஒரு வெள்ளிக்கிழமை... குசினிக்குள் போகிறேன், கறுவலின் மீசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

"மச்சாள், பால் குடுத்தனீங்களோ?"

"பாவம், என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவன். கொஞ்சம்தான். ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது."

ஒருநாளைக்கு ஒன்றும் செய்யாது!

இந்தக் குடாநாட்டில் இந்த ஒரு வசனத்தைப் போல மனிசரைக் கொல்லுகிற வசனம் வேறு இல்லை. இவருக்குச் சலரோகம். டொக்டர் இனிப்புக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன நடக்கிறது? ரீயில் சீனி, கையில் லட்டு. "ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது, எடுங்கோ." இவரும் மறுத்தால் வீட்டுக்காரர் குறை நினைப்பார்களாம், எடுப்பார். இன்றைக்குக் கலியாண வீடு, நாளைக்குப் பிறந்தநாள், அடுத்த நாள் திவசம் — எல்லாம் ஒவ்வொரு நாள்தான். பிரஷர்காரருக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுவோம். நெஞ்சில் ஒபரேஷன் செய்து வந்தவருக்கு இறைச்சியில் நெய் மிதக்க விடுவோம். வேண்டாம் என்று கையால் கோப்பையை மூடினால், அந்தக் கையை விலக்கிவிட்டு ஊற்றுவோம்.

இதற்குப் பெயர் பாசமாம். வருத்தக்காரரின் வயிற்றை யார் பார்க்கிறார்கள்? கொடுத்தேன் என்ற திருப்தி கொடுக்கிறவருக்கு வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். மனிசராவது "வேண்டாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்க்கலாம். கறுவல் பாவம், வைத்ததைத் தின்பான்.

சனிக்கிழமை விடிய, சாமியறை வாசலில் சத்தி. அணில் பார்த்தவன் திரும்பக் கதிரையோடு ஒட்டிப் படுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கோயில் திருவிழாவும் வந்தது.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் மச்சாள் வீடு முழுக்கக் கழுவினார். மச்சச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொட்டிலுக்குள் போட்டார். பிரிட்ஜையும் துடைத்தார். கறுவலுக்கென்று நான் அவித்து, பெட்டி பெட்டியாக வைத்திருந்த மீன்?

"தெருநாய்க்குப் போட்டிட்டன்."

தெருநாய் தின்னலாம், எங்கள் பூனை தின்னக்கூடாது. எப்படி இருக்கிறது நியாயம்? எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. "அவனுக்கு இனி நான் எதைக் குடுக்க?" என்று கேட்டேன்.

"கொடியேறின வீட்டுக்குள்ளை மீனோ? அப்பிடியெண்டால் சொல்லு, நான் எங்கையாவது போறன்," என்றார் மச்சாள். அவரின் கண் கலங்கிவிட்டது.

இவர் பத்திரிகையில் இருந்து தலையை எடுத்தார். "இஞ்சரும், நீர் ஏன் இப்ப கத்துறீர்? கோயில் முடியட்டும், பாப்பம்."

"கோயில் முடியிறதுக்கு முதல் கறுவல் முடிஞ்சிடுவான்," என்றேன். தலை திரும்பப் பத்திரிகைக்குள் போய்விட்டது.

அடுத்த நாள் கொடியேற்றம். நானும் போனேன், கும்பிட்டேன். கறுவலுக்காகவும் கும்பிட்டேன் என்பதை இங்கே ஒளிக்கத் தேவையில்லை. நான் திரும்பி வருவதற்கு முன் மச்சாள் வந்திருந்தார். கோயிலில் கொடுத்த சர்க்கரைப் புக்கையை, அதுதான் பொங்கலை, பாலில் கரைத்து, ராசாவுக்குப் பருக்கியும் முடித்திருந்தார்.

மத்தியானம், சாமியறைக்குள், மச்சாளின் காலடியில் கறுவல் சத்தி எடுத்தான். முதலில் புக்கை வந்தது. பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகும் நிற்கவில்லை... கடைசியில் வந்ததில் இரத்தம் கோடுகோடாக இருந்தது. எடுத்து முடிய அப்படியே சரிந்து படுத்தான். கூப்பிட்டேன். காதுகூட அசையவில்லை.

மச்சாள் நின்ற இடத்திலேயே இருந்தார். தோய்ந்து உடுத்த சேலை, நெற்றி நிறையத் திருநீறு. அப்படியே நிலத்தில் குந்தி, கையில் அகப்பட்ட துணியால் துடைக்கத் தொடங்கினார். அவர் இதைத் துடைத்து நான் கண்டதே இல்லை.

"சுவாமிக்குப் படைச்சது... அது செய்யாதெண்டு நினைச்சிட்டன்," என்றார்.

"சுவாமிக்குப் படைச்சதெண்டு அவன்ரை குடலுக்குத் தெரியுமோ மச்சாள்?"

கடுமையான கேள்விதான். கேட்டேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பவும் அட்டைப் பெட்டி, திரும்பவும் ஓட்டோ. வைத்தியர் ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். "பின்னேரமே மீனுக்கு மாத்துங்கோ. துளித்துளியாய்க் குடுங்கோ. சாப்பிட்டாரெண்டால் தப்பலாம்," என்றார். சாப்பிடாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு எங்கள் ஊரில் மீனுக்கு எங்கே போவது? வெட்கத்தை விட்டு மீன்கார அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு உங்கடை கோயில் கொடியேற்றமெல்லோ, அம்மா?"

"ஓம் அண்ணை. பூனைக்குத்தான்."

"உங்கடை ஐயா என்ரை மீன் பழுதெண்டு சொன்னவர்."

"உங்கடை மீனிலை ஒரு பழுதும் இல்லை. எங்கடை வீட்டுப் பாலாலை வந்த வினை அண்ணை அது."

"அதை அவர் சொல்லோணும்," என்றார். சொல்லிவிட்டு, "ஒழுங்கைக்குள்ளை வரமாட்டன். சந்தியிலை நிக்கிறன், வாங்கோ," என்றார். ஸ்கூட்டியில் போனேன். பாரை மீனைத் துப்பரவாக வெட்டி வைத்திருந்தார்.

கொட்டிலுக்குள் கிடந்த சாக்கை அவிழ்த்து மச்சச் சட்டி ஒன்றை எடுத்தேன். கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, அடுப்பு மூட்டினேன். அவிகிற மீனின் மணத்தை மறைக்க உலகத்தில் சாம்பிராணி இல்லை. வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும், கேட்கட்டும் என்றுதான் நின்றேன். மச்சாள் விறாந்தையில் கறுவலை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி இருந்தார். பக்கத்துக் கதிரையில் இவர், பத்திரிகையோடு.

அவித்து, ஆறவிட்டு, முள் எடுத்து, சின்னக் கோப்பையில் கொண்டுபோய் வைத்தேன். கறுவலின் மூக்கு அசைந்தது. தலையைத் தூக்கினான். மச்சாளின் மடியில் இருந்தபடியே ஒரு துண்டை நக்கினான். பிறகு தின்றான். மச்சாள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேற்றைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா வந்தார். கையில் ஒரு சட்டி சர்க்கரைப் புக்கை. அவர் வீட்டுப் பொங்கல், எங்களுக்குப் பங்கு. வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன, மீன் மணக்குது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சாள் முந்திவிட்டார். "எங்கடை வீட்டிலைதான். பூனைக்கு."

"சிவசிவா. கொடியேறின நாளிலையோ?" பரமேஸ் அக்கா விறாந்தையில் ஏறிப் புக்கைச் சட்டியை நீட்டினார். "உந்த மீனை அங்காலை எறிஞ்சுபோட்டு, இதிலை கொஞ்சம் குடுங்கோ அவனுக்கு. ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது."

மச்சாள் கறுவலின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"செய்யும்," என்றார்.

புக்கைச் சட்டியை நோக்கி நீண்டிருந்த இவரின் கை, சத்தமில்லாமல் பின்னுக்குப் போனது.