கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மெக்கானிக்

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வெயில் காலத்தில் அவரைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பதை விடக் கஷ்டம். ஃபோனை எடுத்தால் "வந்துட்டே இருக்கேன்" என்பார், இன்னும் செருப்பே மாட்டியிருக்க மாட்டார். குளிர்காலம் வந்துவிட்டாலோ, வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மேல்தான் முட்டிக்கொள்ள வேண்டும். ஜன்னலோரம் வைத்த பாலே கெடாமல் கிடக்கிற மாதங்களில், ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா நிற்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ரூம் ஹீட்டர்தான் மக்கர் செய்யும். அதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டால், "அது நம்ம லைன் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்தால், வெயில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்க வேண்டாமா? காலையில் கண் விழித்ததும் டிவியில் செய்தி. எங்கேயோ பாலம் இடிந்தது, எங்கேயோ பஸ் உருண்டது, எங்கேயோ புதுசாக ஒரு காய்ச்சல் கிளம்பியிருக்கிறது. செய்தி வாசிக்கிற பெண் மூச்சு விடுகிற இடைவெளியில், "நான் அப்பவே சொன்னேன்" என்பார். யாரிடம் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பக்கத்தில் எங்கள் பூனையும் அதே கவனத்தோடு உட்கார்ந்து கேட்கும். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் என் மகள் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் அந்தப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி என்று நான் சொன்னால், இருவரில் ஒருவர் மட்டும் கோபித்துக்கொள்வார்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மானம் போனால் போகட்டும். என் மகள் ஸ்கூலில் படித்த காலத்திலேயே அதன் கதவு ரப்பர் விட்டுப்போனது. இப்போது அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள், கதவு இன்னும் மூடுவதில்லை. ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். மேல் தட்டில் வைத்த கோஸ் கல்லாகிவிடும், கீழ்த் தட்டில் வைத்த பால் திரிந்துபோகும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஸ்டூலைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மகானிடம் கேட்டால் "நாளைக்கு" என்று பதில் வரும். அவருடைய நாளையை நம்பி நான் எத்தனையோ ஸ்டூல்களை மாற்றிவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஓர் இருமல் வந்தது. வந்தது போகவே இல்லை. முதலில் குளிர் என்றோம், பிறகு தூசி என்றோம், அப்புறம் பூனை முடி என்று மேனேஜர் மேல் பழியைப் போட்டு, பாவம், அதைக் கொஞ்ச நாள் கூடத்துக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தோம். கடைசியில் ஒருநாள் வாஷ்பேசினில் சிவப்பாக விழுந்தது. மகள் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு கட்டி இருக்கிறது என்றார்கள். குழாய் விட்டு அதிலிருந்து துளி சதை எடுத்தார்கள். அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று வியாழக்கிழமை தெரியும் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம் போலச் சமைத்தேன், வழக்கம் போல அவரைத் திட்டினேன். திட்டாமல் விட்டால் நான் பயந்துவிட்டேன் என்று வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்களே.

இங்கே அவருடைய தொழில் முறையைச் சொல்லியாக வேண்டும். கேஸ் போயிருந்தால், தெர்மோஸ்டாட் போயிருந்தால், நின்ற இடத்திலேயே பளிச்சென்று சொல்லிச் சரி செய்துவிட்டு வருவார். கம்ப்ரசர் போயிருந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பழைய ஃப்ரிட்ஜுக்குக் கம்ப்ரசர் போனால் ஃப்ரிட்ஜே போன மாதிரிதான். இவர் பின்பக்கம் குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் ஓடட்டும், பார்க்கலாம்" என்பார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் அது முடிந்துபோச்சு என்பார். அவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டால், அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்பார்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் போய் நின்ற நிமிஷமே, கம்ப்ரசர் போச்சும்மா என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். செத்துப்போன மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜாம் அது. அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. அதோடு சரி. நான் இதைக் கோழைத்தனம் என்பேன், அவர் அனுபவம் என்பார். உலகத்துக் கெட்ட செய்தியை எல்லாம் நாள் முழுக்கக் காது குளிரக் கேட்கிற மனுஷருக்குத் தன் வாயால் ஒன்றே ஒன்று சொல்ல வராது.

கெட்டது என்ன, நல்லதே வராது. நான் பேக்கரியில் கல்லாவில் நின்ற காலத்தில், கேக் வைக்கிற கண்ணாடி கூலரைப் பார்க்க வந்தவர்தான் இவர். ஒரே நாளில் சரி செய்துவிட்டார். பிறகும் ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் வந்துகொண்டே இருந்தார். கூலருக்கு ஒன்றும் இல்லை, இவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று முதலாளிக்கே புரிந்துவிட்டது. இந்தக் கல்லுளிமங்கன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டது நான்தான். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

வியாழக்கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரிசல்ட் கேட்டு வர இவரை அனுப்பினேன். யாரை எதற்கு அனுப்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போனவர், மதியம் கழித்துத் திரும்பினார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். ஆப்பிளைக் கண்டதுமே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அவர் தானாக எதையும் வாங்கி வருகிற ஆள் இல்லை.

என்ன சொன்னார்கள் என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டேன்.

"டாக்டர் லீவாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் ஓடட்டும், பார்க்கலாம்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரை விட்டால் உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அது வாயில் வந்துவிட்டது கூட அவருக்குத் தெரியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கல்யாணமான நாளில் இருந்து நான் கேட்காத சத்தம் அது. ஒரு கப் உடைந்தது. மகள் ராத்திரி வந்து கேட்டபோதும், டாக்டர் லீவு என்றே சொன்னார். அவள் நம்பினாள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அப்போதே கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. அவர் சொல்லாத வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை, வெறும் இருமல்தான். அந்த வசதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், உபசாரம் அப்படி இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க டிவியே போடவில்லை. செய்தி இல்லாமல் அவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார், நிஜப் பூனை அவர் பின்னாலேயே போனது. நானும் சும்மா விடவில்லை. ஹீட்டரைக் கட்டில் பக்கம் நகர்த்தச் சொன்னேன். காலுறையைச் சூடு செய்து எடுத்து வரச் சொன்னேன். டீயில் சர்க்கரை கம்மி என்று திருப்பி அனுப்பினேன், அடுத்த டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. வெயில் காலத்தில் இதில் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவர் குனிந்து வாங்கிக்கொண்டு போகப் போக, எனக்குள் பயம்தான் ஏறிக்கொண்டே போனது.

சனிக்கிழமை சாயங்காலம் தூங்கி எழுந்தபோது சமையலறையில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தேன். ஸ்டூலைக் காணோம். தரையில் பழைய ரப்பர் சுருண்டு கிடந்தது. இவர் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளுடைய ஹேர் டிரையரால் புது ரப்பரைச் சூடு காட்டிக் கதவு ஓரமெல்லாம் அழுத்திப் பதித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று சரி பார்த்தது. என்னைக் கண்டதும் கதவைத் திறந்து, விட்டுக் காட்டினார். அது தானாகப் போய் மெத்தென்று ஒட்டிக்கொண்டது. பரிசு வாங்கின பையன் மாதிரி என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம்.

"இப்போ எதுக்கு இதைப் பண்றீங்க?"

"நீ ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தியே."

"கேட்டப்பெல்லாம் பண்ணாம இப்போ யாருக்குப் பண்றீங்க? நான் போனப்புறம் துக்கம் கேக்க வர்றவங்க ஸ்டூலைப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னா?"

அவர் ஹேர் டிரையரை நிறுத்தினார். வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். தரை ஐஸ் மாதிரி இருந்தது.

"நான் உங்க கஸ்டமர் இல்லைங்க. சொல்லுங்க" என்றேன்.

ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட கட்டிதானாம். பரவாமல் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாம். பரவியிருக்கிறதா என்று இன்னும் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை காலையில் அட்மிட் ஆகணும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மூக்கை ஸ்வெட்டர் கையிலேயே துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். செத்துப்போய்விடுவேனோ என்று அழுதேன், இந்த மனுஷரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அழுதேன், புது ரப்பர் போட்ட ஃப்ரிட்ஜை அனுபவிக்காமல் போய்விடுவேனோ என்று கூட அழுதேன்.

அழுகை நின்றதும் எனக்கு என் குணம் திரும்பிவிட்டது. பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். இப்படியா மறைப்பது, சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமா, பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல எப்படி நாக்கு வந்தது, நானாக இருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன் என்றேன். மகள் வரட்டும், நானே சொல்கிறேன், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சரி சரி என்று பழைய ரப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

இருட்டினதும் மகள் வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மேனேஜரைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, நேரே சமையலறைக்குப் பால் எடுக்கப் போனாள். கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து மூடினாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, இவ்வளவு நல்லவராகிவிட்டாரே என்று கேட்டுக்கொண்டே கிளாஸோடு கூடத்துக்கு வந்தவள், எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. அந்தப் பாலையாவது முதலில் குடித்து முடிக்கட்டுமே என்று தோன்றியது. இன்று ஒரு ராத்திரி தூங்கட்டுமே என்று தோன்றியது. "ஒண்ணுமில்லடி, டாக்டர்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் சோஃபாவை விட்டு எழுந்தார். மகள் கையில் இருந்த கிளாஸை வாங்கி மேஜை மேல் வைத்தார். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உக்காரும்மா. டாக்டர் லீவுல இல்ல. வியாழக்கிழமையே சொல்லிட்டார், நான்தான் மறைச்சுட்டேன். அம்மாவுக்கு கேன்சர். திங்கக்கிழமை அட்மிட் பண்றோம்."

நிறுத்தாமல் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். ஆபரேஷனைச் சொன்னார், பரவியிருக்கலாம் என்பதையும் விடாமல் சொன்னார். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.